கெட்டிச் சத்தம்

அப்பா எதையும் தட்டிப் பார்த்துத்தான் நம்புவார். சுவர், தண்ணீர் டிரம், தர்பூசணி, நான் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த செல்போன், எதுவானாலும் விரல் முட்டியால் இரண்டு தட்டு. பிறகு காதைச் சாய்த்துக் கேட்பார். மைன்ஸ் மூடுகிற வரை அவர் டிம்பர் கேங்கில் இருந்தவர். சுரங்கத்துக்குள் மேல்பாறை இறங்காமல் மரம் முட்டுக் கொடுப்பதும், தங்கம் எடுத்துவிட்ட காலி இடங்களில் கல்லையும் மண்ணையும் திணித்து இறுக்குவதும் அந்தக் கூட்டத்தின் வேலை. உள்ளே போனதும் ஓர் இரும்புக் கம்பியால் மேலே தட்டுவார்களாம். ‘டங்’ என்று கெட்டிச் சத்தம் வந்தால் நிற்கலாம். ‘பொத்’ என்று வந்தால் கம்பியைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அப்பாவுக்குத் தன் பெயரைத் தவிர வேறெதுவும் எழுதத் தெரியாது. ஆனால் இந்த இரண்டு சத்தங்களையும் அவர் ஒருநாளும் மாற்றிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் பிறந்திருக்க மாட்டேன்.

ஒரு வேப்பங்கன்றை நாங்கள் ஏறக்குறையக் கொன்றது அந்தச் சத்தத்தை நம்பித்தான்.

தங்கச் சுரங்கத்தைச் சுற்றி உண்டான சாம்பியன் ரீப்ஸில் எங்களுடையது லைன் வீடு. ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும் வீடுகள். பாதிக்கு மேல் இப்போது ஆள் இல்லை. பெங்களூர், ஓசூர் என்று போய்விட்டார்கள். போனவர்கள் வீட்டில் முதலில் கதவு காணாமல் போகும், அப்புறம் ஜன்னல், அப்புறம் கூரைத் தகரம். அதைப் பார்த்த மற்றவர்கள், போக ஆசை இருந்தாலும் போவதில்லை. வீட்டைக் காவல் காத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். வாசலில் நின்றால் எதிரே சைனைட் மேடு. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சாம்பல் நிற மண், குன்று குன்றாக. காற்றடிக்கிற மாதங்களில் அது பறந்து வந்து சோற்றில் உட்காரும். அப்பாவின் நெஞ்சில், அவர் சுரங்கத்தில் இருந்த காலத்திலேயே வேறொரு தூசி உட்கார்ந்துவிட்டது. நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவது வார்த்தைக்கு முன் நின்று மூச்சு வாங்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கல்லூரியும் முடித்தேன். பெங்களூரில் சரக்கு அனுப்புகிற ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. எந்த லாரி எந்த ஊரில் நிற்கிறது, எது நகர்கிறது என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். திரையில் சின்னச் சின்னப் புள்ளிகள் நாக்பூர் தாண்டும், சூரத் தாண்டும். நான் மட்டும் சாயங்கால ரயிலில் ஏறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவேன். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். காலையில் உட்கார இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே எங்கள் சாம்பியன் ஸ்டேஷனிலிருந்து பின்னோக்கி மாரிகுப்பம் ஸ்டேஷன்வரை நடந்துபோய் ஏறுவேன். அங்கேதான் பாதை முடிகிறது. தண்டவாளத்தின் முனையில் குறுக்கே ஒரு தடுப்பு இருக்கும். தினமும் என் நாள் அந்தத் தடுப்பைப் பார்த்துத்தான் தொடங்கும்.

அதனால் போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். ஆபீஸ் பக்கத்தில் வீடு பார்க்கலாம், மூன்று பேரும் போய்விடலாம் என்று.

“அங்க எனக்கு இன்னா கீது?” என்றார் அப்பா.

“பக்கத்துலயே பெரிய ஆஸ்பத்திரி கீது. இந்தத் தூசி இல்ல.”

“எந்த மாடி?”

“மூணாவது.”

“மூணாவது லெவலா? எப்டிடா ஏற்றது?”

“லிஃப்ட் கீதுப்பா.”

“ஓ. கேஜ் கீதா.” அவர் கொஞ்சம் யோசித்தார். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றிய கூண்டைத்தான் அப்படிச் சொல்வார்கள், ஆள் நின்று மணி அடித்தால்தான் அது நகரும். “பெல் அடிக்க ஆளு கீறானா?”

அம்மா சிரித்துவிட்டாள். “இவரு ஒரே ஆளுக்கு அங்க பெல் அடிக்க ஆளு வெக்கணுமாம்.”

அப்பா சிரிக்கவில்லை. முகவாயால் பக்கத்து வீட்டைக் காட்டினார். அந்த வீட்டுக்காரர்கள் போய் நாலைந்து வருஷம் இருக்கும். கூரை போய், தரை பெயர்ந்து, நடு வீட்டில் ஒரு வேப்பங்கன்று முளைத்து முழங்கால் உயரம் நின்றது. எங்கள் வாசலில் ஒரு பெரிய வேம்பு இருந்தது. காலையில் டீ குடித்ததிலிருந்து வெயில் சாய்கிற வரை அப்பா அதன் கீழேதான் உட்கார்ந்திருப்பார். அங்கே மட்டும் அவருக்கு மூச்சு கொஞ்சம் சுலபமாக வரும். காத்து பம்ப் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். அதற்கு முந்தைய வருஷ மழைக்காற்றில் அது வேரோடு சாய்ந்தது. இந்தக் கன்று அதன் பழத்தைத் தின்ற காக்கை போட்டது என்பது அவருடைய முடிவு.

“அத்த தூக்கினு போலாம்னா சொல்லு. நான் வரேன்.”

“பெங்களூர்ல வேப்பங்கன்னே கெடைக்காதாப்பா?”

“கெடைக்கும். அது வேற எவன் ஊட்டுதோ. மொதல்ல இங்கயே பக்கெட்ல நிக்கட்டும். நின்னுச்சுன்னா நானும் அங்க நிப்பேன். நிக்கலன்னா என்னிய கேக்காத.”

உள்ளதை எழுதிவிடுகிறேன். எனக்கு மரத்தின் மேல் பிரியம் ஒன்றும் வரவில்லை. அந்தக் கன்றை நான் ஒரு டிக்கெட்டாகத்தான் பார்த்தேன். அது பிழைத்தால் நான் தப்பிக்கலாம். செத்தால் மாரிகுப்பத்துத் தடுப்புதான் ஆயுசுக்கும். அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு பேத்தமங்களாவுக்கு பஸ் ஏறிப்போய், ஏரிக்கரை நிலத்துக்காரர் ஒருவரிடம் கேட்டு ஒரு மூட்டை வண்டல் மண் கொண்டுவந்தேன். பெயிண்டர் ஒருவர் விட்டுப்போன பெரிய பக்கெட் வீட்டில் இருந்தது. அதன் அடியில் ஆணியைச் சுட வைத்து நாலு ஓட்டை போட்டேன். பிறகு பக்கத்து வீட்டுக்குள் ஏறிக் குதித்துத் தரையைத் தோண்டினேன். கன்று வெளியே முழங்கால் உயரம்தான். உள்ளே வேர் போய்க்கொண்டே இருந்தது. பழைய சிமெண்டுச் சில்லுகளுக்கு நடுவே இரண்டு முழம் வரை தோண்டிப் பார்த்தேன், முடிவு தெரியவில்லை. வெயில் ஏறியது. பொறுமை போய்விட்டது. இழுத்தேன். ‘டக்’ என்று ஆணிவேர் பாதியில் அறுந்தது.

அறுந்ததை நான் வீட்டில் சொல்லவில்லை. சும்மா ஒரு முனைதான் போச்சு என்றேன்.

மண் போடுகிற வேலையை அப்பா வாங்கிக்கொண்டார். முக்காலியைக் கொண்டுவரச் சொல்லி, பக்கெட்டைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார். ஒரு பிடி மண், ஒரு இடி. ஒரு பிடி மண், ஒரு இடி. கடப்பாரையின் மழுங்கிய முனையால், வேரைச் சுற்றிக் கொஞ்சமும் இடைவெளி விடாமல் இடித்து இறுக்கினார். நடுநடுவே நின்று மூச்சு வாங்கினார். நான் செய்கிறேன் என்றதற்குக் கையை மட்டும் ஆட்டினார். அவர் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. முடித்துவிட்டு முட்டியால் பக்கெட்டைத் தட்டினார்.

‘டங்.’

“கெட்டி,” என்றார். “இனிமே அசையாது.”

அசையத்தான் இல்லை. மூன்றாம் நாள் இலைகள் எல்லாம் ஈரத்துணி மாதிரி தொங்கின. வாடினால் தண்ணீர் என்பது யாருக்கும் தெரிந்ததுதானே. ஊற்றச் சொன்னேன். மறுநாள் இன்னும் தொங்கின. செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். மாடித் தோட்டக்காரர் ஒருவர் சிரித்த முகத்தோடு, புதிதாக நட்ட கன்றுக்கு இருவேளை தண்ணீர் என்றார். இருவேளை என்றேன். எங்கள் லைனுக்கு வாரத்துக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். அம்மா குடம் குடமாகப் பிடித்து வைத்ததிலிருந்து மொண்டு ஊற்றினாள்.

“நான் முட்டிவலியோட புடிச்ச தண்ணி. நாம குளிக்க வாணாம், அது குளிக்கட்டும்,” என்றாள்.

“வீடியோல சொல்லிக் கீறாங்கம்மா.”

“சொல்லுவான். அவன் ஊட்ல இருவத்தி நாலு மணி நேரமும் கொழா ஒழுகும்.”

எங்கள் வீட்டில் படித்தவனாக இருப்பதில் ஒரு கஷ்டம் உண்டு. நான் சொல்வது சரியா தப்பா என்று பார்க்க யாரும் கிடையாது. லைனில் யாருக்காவது பென்ஷன் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தால் என்னிடம் கொண்டுவருவார்கள். நான் படித்துச் சொன்னால் அதுதான் கடிதம். அதே மாதிரி நான் இருவேளை என்றால் இருவேளை. ரயிலில் நெரிசலில் நின்றுகொண்டு தினமும் வீட்டுக்கு போன் போடுவேன். “நிமிந்துச்சாம்மா?” “எங்க நிமிர்றது, உன்ன மாதிரியே தலைய தொங்கப் போட்டுகினு கீது.” சுற்றி நிற்பவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டில் யாருக்கோ முதுகு பிடித்துக்கொண்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது வாரம் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின. பக்கெட்டின் மேல் ஊற்றிய தண்ணீர் கீழே இறங்காமல் தட்டில் நிற்கிற மாதிரி அப்படியே நின்றது. அதிலிருந்து ஒரு புளித்த வாடை வந்தது. அப்பா தினமும் போய்த் தட்டிப் பார்ப்பார். டங். “கெட்டியாதான் கீது,” என்பார் நிம்மதியாக. அந்த நிம்மதியைப் பார்க்கப் பார்க்க எனக்கு உள்ளே ஏதோ புகைய ஆரம்பித்தது.

மூன்றாவது ஞாயிறு, போட்டோ எடுத்துக்கொண்டு பேத்தமங்களா போனேன். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு நர்சரி இருக்கிறது. அதை நடத்துகிறவர் கன்னடக்காரர், சட்டைப் பையில் பேனாவும் கத்தரியும் சேர்த்துச் செருகியிருந்தார். போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“நீரு நிந்திதே நோடி. பேரிகெ காளி பேகு சார்,” என்றார். தண்ணீர் நின்றிருக்கிறது பாருங்கள், வேருக்குக் காற்று வேண்டும் என்கிறார். பிறகு, ரோடு போடுகிற மாதிரி இப்படி மண்ணை அடித்தது யார் என்று கேட்டார். வேருக்கு வேண்டியது மண்ணைவிட மண்ணுக்கு நடுவே இருக்கிற சந்துதான், அந்தச் சந்தில்தான் அது மூச்சு விடும், நீங்கள் சந்துகளையெல்லாம் அடைத்துவிட்டு மேலே தண்ணீரையும் தேக்கியிருக்கிறீர்கள் என்றார். அவர் சொன்னதில் பாதி என் தப்பு. பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பாதியை நான் வசதியாக மறந்துவிட்டேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினேன்.

“வேணும்னே இறுக்கின நீ. இது செத்துட்டா போவ வேணாம் பாரு. அதுக்குத்தான கெட்டி கெட்டின்னு தட்டிப் பாத்துகினு இருந்த? வாய்ல வரேன்னு சொல்ட்டு கையால கொன்னுட்ட.”

அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூச்சு வரவில்லையா வார்த்தை வரவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

“பேசிட்டியா? இப்ப நான் பேசறேன். மைன்ஸ்ல ஒருவாட்டி வேற கேங் ஒண்ணு லூஸா அடைச்சிட்டு வந்துச்சு. மறுநாள் அந்த எடத்துல இவரோட போனவங்க மேல பாறை எறங்கிச்சு. இவரு கையால தோண்டித்தான் மூணு பேர வெளிய எடுத்தாங்க. அதுக்கப்புறம் இவரு லூஸா எத்த வுட்டாரு? சொல்லு. நீ ஸ்கூலுக்குப் போம்போது டப்பாவுல சோறு அடைச்சது யாரு? நானா?”

அம்மா சொன்னதும் ஞாபகம் வந்தது. மைன்ஸ் மூடிய பிறகு அம்மா விடியற்காலையில் ஆபீசர் வீடுகளுக்கு வேலைக்குப் போவாள். என் டப்பாவில் சோறு போடுவது அப்பாதான். கரண்டியின் அடியால் அழுத்தி, மேலே இன்னும் கொஞ்சம் போட்டு அழுத்தி, மூடியைத் தட்டிப் பார்த்து அனுப்புவார். மதியம் திறந்தால் சோறு கவிழ்த்தாலும் விழாது. ஸ்பூனால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். வகுப்பில் எல்லோரும் ‘செங்கல் சோறு’ என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் பத்தாவது வரை என்னோடு வந்தது. ஒருநாள்கூட நான் பசியோடு திரும்பியதில்லை என்பது அந்தப் பெயர் வைத்தவர்களுக்குத் தெரியாது.

நான் வாசலில் போய் நின்றேன். எதிரே சைனைட் மேடு. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது, அதற்கான வார்த்தைகளை நான் ஆபீஸில்தான் கற்றுக்கொண்டேன், அவையும் ஆங்கிலத்தில். பக்கெட் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, உள்ளே கேட்கிற மாதிரி அம்மாவிடம் சொன்னேன்.

“ஆணிவேரு தோண்டும்போதே அறுந்துபோச்சும்மா. நான்தான் இழுத்தேன். சொல்லல. தண்ணியும் நான்தான் அதிகமா ஊத்தச் சொன்னது.”

“படிச்சவன் ஒருத்தன், எறங்குனவன் ஒருத்தன். ரெண்டு பேரும் கூட்டு சேந்து இத்தினூண்டு கன்ன முடிச்சிட்டீங்க,” என்றாள் அம்மா. “இப்ப இன்னாதான் வேணுமாம் அதுக்கு?”

“காளி பேகுன்றாரு நர்சரிக்காரரு.”

“காளியா? அய்ய, அதுக்கு வேற வேண்டிக்கணுமா?” கன்னடத்தில் அது காற்று என்பது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அவள் வேலை செய்ததே கன்னடக்காரர்கள் வீட்டில். வீட்டுக்குள் இறுகிக்கிடந்ததைக் கொஞ்சம் தளர்த்தத்தான் சொன்னாள்.

உள்ளேயிருந்து கட்டில் கிரீச்சிட்டது. அப்பா நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“காத்து வேணும்னு மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?” ஒரு மூச்சு. “காத்தில்லாத லெவல்ல நான் ஒரு ஷிப்ட் நின்னுக்கீறேன். பாதிலயே தல சுத்தி உக்காந்துட்டேன்.” இன்னொரு மூச்சு. “அது இத்தினி நாளா உள்ளயே நின்னுகினு கீது.”

அன்றைக்கே பக்கெட்டைச் சாய்த்து மண்ணை உடைத்தோம். அது மண்ணாக வரவில்லை, பாறையாக வந்தது. அப்பா இறுக்கியது அப்படி. தண்ணீர் விட்டு ஊறவைத்து, குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினோம். வேரின் அறுந்த முனை கறுத்து அழுகியிருந்தது. நர்சரிக்காரர் சொன்னபடி அழுகியதைக் கத்தரித்து, மிச்சமிருந்த இலைகளிலும் பாதியைக் கிள்ளிவிட்டேன். வண்டலோடு மணலும் தேங்காய் நார்த்தூளும் மக்கிய சாணியும் கலந்தோம். இந்தத் தடவை மண்ணைப் போட மட்டும்தான் செய்தோம். அமுக்கவில்லை. அப்பாவின் கை இரண்டு தடவை தானாகக் கடப்பாரையைத் தேடிப் போனது. அம்மா அதை எடுத்துக்கொண்டுபோய் உள்ளே வைத்தாள்.

முடிந்ததும் அவர் முட்டியால் தட்டினார்.

‘பொத்.’

சட்டென்று ஓரடி பின்னால் போனார். விளையாட்டுக்குப் போகவில்லை. அவர் கால் போனது. பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, தலையைச் சொறிந்துகொண்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

அதன் பிறகு ஒரு மாதம் அங்கே நின்றது ஒரு குச்சி. மிச்ச இலைகளும் போய்விட்டன. மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, விரல் காய்ந்து வந்தால் மட்டும் ஒரு சொம்பு தண்ணீர். வெயில் ஏறுகிற நேரத்தில் அம்மாவின் பழைய புடவை ஒன்றைக் கொடியில் போட்டு நிழல் கட்டினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பார்ப்பேன். உள்ளே பச்சை இருக்கும். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுவேன். அவர் பச்சையை நம்பவில்லை. பக்கெட்டைத் தட்டி, பொத் என்ற சத்தத்தைக் கேட்டு முகம் சுளித்து, “இந்தச் சத்தத்துல எப்டிடா ஒண்ணு உயிரோட இருக்கும்?” என்பார். ஆனாலும் ஒருநாளும் கையை வைத்து அமுக்கவில்லை. பகலெல்லாம் பக்கெட் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, மண்ணை இறுக்கத் துடிக்கிற தன் கையை அவர் காவல் காத்துக்கொண்டிருந்தார் என்று அம்மா சொன்னாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை. ரயில் எங்கோ வயல் நடுவே நின்றுவிட்டது. சிக்னல் விழவில்லை. உள்ளே காற்றே இல்லை, என் முன்னால் நின்றவரின் பையும் பின்னால் நின்றவரின் முழங்கையும் என்னைப் பிடித்து வைத்திருந்தன. கையைத் தூக்கக்கூட இடமில்லாத அந்த நேரத்தில் போன் அடித்தது. எப்படியோ எடுத்தேன். அப்பா. அவராக எனக்குப் போன் போட்டது அதுதான் முதல் தடவை. அம்மா பச்சைப் பொத்தானைக் காட்டியிருக்க வேண்டும்.

“டேய். செவப்பா ஒண்ணு வந்துக் கீது.”

“இன்னாதுப்பா?”

“மூக்குத்தி அளவுக்கு. கணுவுல. எறும்போன்னு ஊதிப் பாத்தேன். போவல.”

வேப்பந்தளிர் செம்புநிறத்தில்தான் வரும். நான் அந்த நெரிசலுக்குள் நின்றுகொண்டு சத்தமாகச் சிரித்தேன். பிழைத்துவிட்டது, போகலாம் என்பதுதான் முதலில் மனசில் வந்தது. அந்த அளவுக்கு நான் அப்போதும் மாறியிருக்கவில்லை.

தளிர் மூன்றானது, எட்டானது. நான் வீடு பார்த்தேன். லிஃப்ட் வேலை செய்கிறதா என்று இரண்டு தடவை ஏறி இறங்கினேன். பால்கனியில் பக்கெட் வைக்க இடம் இருக்கிறதா என்று கையால் அளந்தேன். வீட்டுக்காரரிடம் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறோம் என்று சொல்லிவைத்தேன். அம்மா பாத்திரங்களைக் கோணியில் கட்டினாள். அப்பா தன் பழைய மைன்ஸ் தொப்பியைக் கோணியில் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார். வீட்டை, ஆள் இருக்கிற பக்கத்து லைனிலிருந்து ஒரு சொந்தக்காரர் வந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. போன ஞாயிறு காலை சின்ன வேன் ஒன்று லைன் முனையில் வந்து நின்றது. நான் முதலில் பக்கெட்டைத் தூக்கப் போனேன்.

வரவில்லை.

மழை பெய்து தரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்து அசைத்தேன். பக்கெட் மேலே வந்தது, கொஞ்சம். கீழே ஏதோ பிடித்திருந்தது. குனிந்து பார்த்தேன். நான் ஆணியால் சுட்ட ஓட்டை ஒன்றின் வழியாக, பென்சில் பருமனில் ஒரு வேர் இறங்கி நேராகத் தரைக்குள் போயிருந்தது. இத்தனை மாதமும் பக்கெட்டை ஓரிடத்திலிருந்து நகர்த்தாமல் வைத்திருந்தோம். நாங்கள் மேலே தளிர் எண்ணிக்கொண்டிருந்தபோது அது கீழே ஊருக்குள் இறங்கிவிட்டது.

வேன்காரர் ஹாரன் அடித்தார். எனக்குக் கத்தியை எடுக்கத் தோன்றவில்லை. அறுத்தால் மறுபடியும் முதலிலிருந்து. அறுக்காவிட்டால் நாங்கள் இங்கேயே. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அது என்னைப் பிடித்து வைத்திருக்கிறதா நான் அதைப் பிடித்து வைத்திருக்கிறேனா என்று எனக்குப் புரியவில்லை. இதோடு முடிந்தது, அப்பா வரமாட்டார் என்று மட்டும் நினைத்தேன்.

அப்பா வந்து முக்காலியைப் போட்டு உட்கார்ந்து எட்டிப் பார்த்தார்.

“எறங்கிச்சா?”

“உனக்குத் தெரியுமாப்பா?”

“தண்ணி ஊத்தாதப்பவும் தளிர் வந்துச்சே. சந்தேகமாத்தான் இருந்துச்சு.”

“ஏன் சொல்லல?”

மூச்சு வாங்கினார். இந்தத் தடவை நான் காத்திருந்தேன்.

“எறங்குனவன் ஷிப்ட் முடிஞ்சா மேல வரணும்டா. நான் வந்தேன். அதுவும் வரட்டும்.” கையை நீட்டினார். “கத்தி குடு. நீ இழுப்ப.”

அவரே அறுத்தார். இழுக்காமல், வேரைச் சுற்றி மண்ணை விரலால் ஒதுக்கி, எவ்வளவு நீளம் வருமோ அவ்வளவையும் வெளியே எடுத்து, கடைசியில் ஒரே வெட்டு. இப்போதே பால்கனிக்குக் கொண்டுபோனால் இது தாங்காது, இங்கேயே நிழலில் கொஞ்சநாள் நிற்கட்டும் என்றார். வேன்காரருக்குச் சமாதானம் சொல்லி அனுப்பினேன். வீட்டுக்காரரிடம் இன்னும் ஒரு வாரம் கேட்டேன். அவர் ஏன் என்றார். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றேன்.

இதை நான் எழுதுவது காலை ரயிலில். கோணிகள் கட்டினபடியே சுவரோரம் நிற்கின்றன. சமைக்க ஒரு பாத்திரத்தை மட்டும் அம்மா அவிழ்த்திருக்கிறாள். நேற்று இலைகள் மறுபடியும் தொங்கின. இன்று காலை நான் கிளம்பும்போது வெளிச்சம் வரவில்லை, சரியாகப் பார்க்க முடியவில்லை. பங்காருப்பேட்டை தாண்டியதும் போன் போட்டேன். அப்பாதான் எடுத்தார்.

“நிமிந்துச்சாப்பா?”

“மேல ரெண்டு எல நிமிந்துக் கீது. கீழது இன்னும் இல்ல.”

“தட்டிப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“இன்னா சத்தம்?”

“பொத்துன்னுதான் கீது.”

“அப்ப நல்லாத்தாம்ப்பா கீது.”

அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

“நல்லாத்தான் கீது,” என்றார். “எனக்குத்தான் பயமா கீது.”